ஹைதராபாத்தா, பெங்களூரா? வீடு மாறும் முன் ஒரு பயணம்

புதன் இரவு, சார்மினார் எக்ஸ்பிரஸ்

எங்கள் அலுவலகத்தின் சென்னைக் கிளையை மே மாதத்தோடு மூடுகிறார்கள். ஹைதராபாத், பெங்களூர் இரண்டில் எது வேண்டும் என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும். சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதனால் முடிவு முழுக்க எங்கள் கையில்.

விசாரித்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "இதுல யோசிக்க என்ன இருக்கு? பெங்களூர்தான். பக்கம், குளிர்ச்சி, எங்க போனாலும் தமிழ்." சென்னையிலிருந்து பெங்களூர் சுமார் 350 கிலோமீட்டர், ஹைதராபாத் 630. அக்கா வீடு காட்பாடியில், பெங்களூர் ரயில் பாதையிலேயே இருக்கிறது. ஹைதராபாத்தில் எங்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை.

அப்படியும் இரண்டு ஊரையும் நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று நாலு பேருமாகக் கிளம்பிவிட்டோம். நான், கணவர், ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகப்போகிற மகள், எழுபதைத் தாண்டிய அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, எதற்கு அலைச்சல் என்று அக்கா கேட்டாள். ஆனால் புது ஊரில் பகல் முழுக்க இருக்கப்போவது அம்மாதான். நான் அலுவலகத்தில் இருப்பேன், கணவருக்கு வாத்தியார் வேலை, மகள் பள்ளிக்கூடத்தில். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். காலை பதினொரு மணிக்கு அவர் எங்கே போவார், யாரோடு பேசுவார்? அதை அவரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

வியாழன், செகந்திராபாத்

என் அலுவலகம் ராயதுர்கம் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். தெரிந்தவர்கள் அதை ஒட்டி கச்சிபௌலி, கொண்டாப்பூர் பக்கம் தங்கச் சொன்னார்கள். நாங்கள் அதே மெட்ரோ பாதையின் பழைய பக்கமான செகந்திராபாத்தில் அறை எடுத்தோம். காரணம் அம்மா.

செகந்திராபாத் 1806இல் ஆங்கிலேயரின் படை முகாமாக உருவான ஊர். நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மதராஸ் படையோடும், அந்தப் படைக்குச் சாமான் கொடுத்தவர்களோடும், பின்னால் ரயில்வே வேலைக்கும் தமிழர்கள் வந்து தங்கினார்கள். மாரட்பள்ளி, பத்மாராவ் நகர் பக்கம் இன்றைக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஐ.டி. கம்பெனிகள் வந்த பிறகு வந்தவர்கள் இல்லை இவர்கள், தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள்.

மத்தியானம் மேற்கு மாரட்பள்ளியில் நடந்தோம். கேட்டுகளில் 'டு-லெட்' அட்டைகள் தொங்குகின்றன. அம்மா ஒரு மளிகைக் கடை வாசலில் உட்கார இடம் கேட்டுக் கையைக் காட்டினார். கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டபடியே, "உக்காருங்கம்மா, மெட்ராஸா?" என்றார். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவராம். அவர் பேசும் தமிழில் தெலுங்கு வாடை இருக்கிறது, பாதியில் உருது வார்த்தை ஒன்று வந்து விழுகிறது. அம்மா அவரிடம் பால் எத்தனை மணிக்கு வரும், பூ எங்கே கிடைக்கும், முழங்காலுக்கு நல்ல டாக்டர் யார் என்று மூன்று கேள்வி கேட்டு, மூன்றுக்கும் பதில் வாங்கிவிட்டார்.

சாயங்காலம் ஸ்கந்தகிரி முருகன் கோவில். ஆட்டோவில் போய் இறங்கினோம். சின்னக் குன்று, படி ஏற அம்மா சிரமப்பட்டார், ஆனால் பிராகாரத்தில் தமிழ் கேட்டதும் வலி மறந்துவிட்டது.

வெள்ளி, மாரட்பள்ளியிலிருந்து ராயதுர்கம்

இன்றைக்குத்தான் உண்மையான பரிசோதனை. அலுவலகம் போகிறவள் போலவே காலை எட்டரைக்குக் கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் பரேடு கிரவுண்ட் ஸ்டேஷன், அங்கிருந்து நீலப் பாதை. வண்டி மாறவே வேண்டாம். பேகம்பேட் வரை நிற்க வசதியாக இருந்தது. அமீர்பேட்டில்தான் கூட்டம். மியாபூரிலிருந்தும் எல்.பி. நகரிலிருந்தும் சிவப்புப் பாதையில் வருகிறவர்கள் அங்கே இறங்கி மொத்தமாக எங்கள் ரயிலில் ஏறுகிறார்கள். முதல் ரயிலில் ஏற முடியாமல் நின்றவர்களையும் பார்த்தேன். எனக்குப் பெண்கள் பகுதியில் கம்பியைப் பிடித்துக்கொள்ள இடம் கிடைத்தது. ஜூபிலி ஹில்ஸ் செக் போஸ்ட், மாதாப்பூர், துர்கம் செருவு என்று போய் ராயதுர்கத்தில் இறங்கியபோது ரயிலுக்குள் ஏறி முக்கால் மணி நேரம் போல ஆகியிருந்தது. அலுவலகத்துக்குக் கால் மணி நேர நடை. வீட்டு வாசல் முதல் அலுவலக வாசல் வரை ஒன்றேகால் மணி நேரம்.

ஒன்றேகால் மணி நேரம் குறைவில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்தால் கால் மணி நேரத்தில் போய்விடலாம். அதையும் பார்க்காமல் விடவில்லை. மத்தியானம் கச்சிபௌலியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பார்த்தோம். நீச்சல் குளம், ஜிம், கண்ணாடி லிஃப்ட் எல்லாம் இருக்கிறது. ஆனால் கேட்டைத் தாண்டினால் ஆறு வழிச் சாலை. அம்மா அதை எதிர்ப்பக்கம் கடப்பது நடக்காத காரியம். காய் வாங்குவதற்கும் செயலியைத் தட்ட வேண்டும். "ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கு" என்று மட்டும் அம்மா சொன்னார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

திரும்பும்போதும் அலுவலக நேரத்திலேயே வந்தேன். ஆறரைக்கு ராயதுர்கத்தில் ஏறினால் ரயில் அங்கிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கிறது. இரவு எட்டுக்குள் வீட்டில் இருக்க முடியும்.

சனி, வீடும் பள்ளிக்கூடமும்

2015 வெள்ளத்தைச் சென்னையில் பார்த்த யாரும் புது ஊரில் கேட்கும் முதல் கேள்வி, 'மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும்?' ஹைதராபாத்துக்கும் அந்த வரலாறு உண்டு. 1908இல் மூசி ஆறு ஊரையே வாரிக்கொண்டு போனது. அப்சல்கஞ்சில் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளிய மரத்தில் ஏறி நூற்றைம்பது பேர் உயிர் தப்பினார்கள் என்கிறார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்து யோசனை கேட்டு, ஊருக்கு மேலே உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்று இரண்டு நீர்த்தேக்கங்களைக் கட்டினார்கள். முதலாவது 1920, இரண்டாவது 1927. அப்படியும் 2020 அக்டோபரில் பல குடியிருப்புகள் மூழ்கின. மாரட்பள்ளியில் பார்த்த வீட்டுக்காரம்மாவிடம் இதைக் கேட்டபோது, "இது மேடு, இங்க நிக்காது. வேணும்னா பக்கத்து வீட்லயும் கேட்டுக்கோம்மா" என்றார். கேட்டோம். அதே பதில்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தரைத்தளம், இரண்டு படுக்கையறை, மொசைக் தரை, வாசலில் ஒரு வேப்பமரம். குளியலறை பழசு. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருமாம். சொன்னதோடு விடாமல் தொட்டி மூடியைத் தூக்கி, டார்ச் அடித்துக் காட்டினார். முக்கால் தொட்டி நிரம்பியிருந்தது. தண்ணீர் கிருஷ்ணாவிலிருந்தும் கோதாவரியிலிருந்தும் 100 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. மீட்டர் வைத்த வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணம் கிடையாது என்று 2021இல் கொண்டுவந்திருக்கிறார்கள். வாடகை 24,000, முன்பணம் இரண்டு மாதம். சைவமா என்று கேட்டார். இல்லை என்றோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவால்ல" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். தெலங்கானாவில் எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் தெலுங்கு கற்பிக்க வேண்டும் என்று 2018இல் சட்டம் வந்துவிட்டது. மகள் சென்னையில் இரண்டாம் மொழியாகத் தமிழ் படித்தவள். இனி பள்ளியில் தமிழ் இல்லை. இந்தப் பயணத்தில் எனக்குத் தொண்டை அடைத்த இடம் இதுதான். கர்நாடகத்துக்குப் போனாலும் இதே நிலைதான், அங்கே கன்னடத்துக்கு 2015இலேயே சட்டம் இருக்கிறது. அம்மா சட்டென்று, "நான் சொல்லித் தரேன். தெனம் ஒரு பக்கம் எழுதணும், சரியா?" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டார். இவள் தலையை ஆட்டினாள்.

மாநிலம் மாறும் பெற்றோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தெலங்கானாவில் மருத்துவச் சேர்க்கைக்கு உள்ளூர் மாணவராகக் கருத, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு வருடம் தொடர்ந்து அங்கே படித்திருக்க வேண்டும். கர்நாடகத்தில் பொது நுழைவுத் தேர்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் கேட்க, எங்களைப் போல வெளியிலிருந்து போகிறவர்களின் பிள்ளைகள் பன்னிரண்டு முடிப்பதற்குள் குறைந்தது ஏழு வருடம் அங்கே படித்திருக்க வேண்டும். என் மகள் இப்போது ஆறாம் வகுப்பில் சேர்ந்தால் ஏழு வருடம் சரியாக வரும். அடுத்த வருடம் போனால் வராது. இதை யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை, கணவர் தேடிப் படித்து எடுத்தார். ஆறாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊர் மாறுகிறவர்கள் வீடு பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

ஞாயிறு, காச்சிகுடாவிலிருந்து யஷ்வந்த்பூர்

விடியற்காலை வந்தே பாரத். மகபூப்நகர், கர்நூல், அனந்தபூர், தர்மாவரம் வழியாக மத்தியானம் யஷ்வந்த்பூர். வழியெல்லாம் பாறையும் வறண்ட நிலமும். மகள் ஸ்டேஷன் பலகைகளில் தெலுங்கு எழுத்தையும், யஷ்வந்த்பூர் வந்ததும் கன்னட எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, உடம்பு ஒன்றுதான், தலையில்தான் வித்தியாசம் என்று கண்டுபிடித்தாள். இரண்டும் ஒரே பழைய எழுத்திலிருந்து பிரிந்தவை என்று கணவர் விளக்கினார்.

யஷ்வந்த்பூரிலேயே மெட்ரோ. மெஜஸ்டிக்கில் ஊதாப் பாதைக்கு மாறி ஹலசூரு போய் இறங்கினோம். பிப்ரவரி ஆகையால் தெருவெல்லாம் இளஞ்சிவப்புப் பூ. தபேபுயா மரம். ஒரு வகை ஓய்ந்தால் இன்னொன்று பூக்கும்படி மரம் நடத் திட்டமிட்டவர் லால்பாக் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட கிரும்பீகல் என்ற ஜெர்மானியர். சாலை ஓரம் முழுக்க உதிர்ந்து கிடந்த பூவை மிதிக்க மனமில்லாமல் அம்மா ஓரமாகவே நடந்தார். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரின் காற்று முகத்தில் பட்டதும், 'பெங்களூர்தான்' என்று சொன்ன எல்லோர் மீதும் எனக்கு மரியாதை வந்தது.

திங்கள், ஹலசூருவிலிருந்து பெள்ளந்தூர்

இங்கே என் அலுவலகம் அவுட்டர் ரிங் ரோட்டில், பெள்ளந்தூரில். ஹலசூருவிலிருந்து ஊதாப் பாதையில் கே.ஆர். புரம் வரை அருமையான பயணம். நெரிசல் இருந்தாலும் சீராகப் போனது. சிரமம் அதற்கு அப்புறம்தான். கே.ஆர். புரத்திலிருந்து சில்க் போர்டு வரைக்கும் மெட்ரோவுக்குத் தூண்கள் எழுந்து நிற்கின்றன, ரயில் இன்னும் ஓடவில்லை. கீழே இருக்கிற சாலையில் 500 என்று தொடங்கும் எண்களில் ஓடும் பேருந்துகள்தான். மகாதேவபுரா, மாரத்தஹள்ளி, காடுபீசனஹள்ளி. பத்து கிலோமீட்டர் சொச்சம்.

நான் நின்றுகொண்டு போனேன். மாரத்தஹள்ளிப் பாலத்துக்கு முன்னால் பேருந்து நின்ற நேரத்தில், பக்கத்து சீட்டில் இருந்த பெண் மடிக்கணினியைத் திறந்து, ஒரு கூட்டத்தில் சேர்ந்து, பேசி முடித்து, மூடி வைத்துவிட்டார். பாலம் இன்னும் முன்னால்தான் இருந்தது. அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சேலத்துக்காரர். "மெட்ரோ வந்துட்டா எல்லாம் சரியாயிடும்க்கா, அது வர்ற வரைக்கும் இதான்" என்றார். வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்குப் பக்கம். சாயங்காலம் அதைவிட அதிகம். அறைக்கு வந்தபோது ஒன்பதாகப் போகிறது. மகள் தூங்கிவிட்டாள்.

பெள்ளந்தூரிலேயே வீடு எடுத்தால் என்ன என்று அங்கேயே இரண்டு குடியிருப்புகளில் விசாரித்திருந்தேன். காவிரித் தண்ணீர் 100 கிலோமீட்டர் தாண்டி, பல கட்டமாக ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு இந்த ஊருக்கு வருகிறது. பழைய நகரத்துக்கு முதலில் குழாய் போட்டார்கள். புறநகரின் 110 கிராமங்களுக்கான ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அந்த வருடக் கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றி, டேங்கர் லாரிக்குக் காத்திருந்ததைக் காவலாளி சொன்னார். 2022 செப்டம்பரில் இதே சாலை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஐந்தாம் கட்டம் வந்த பிறகு நிலைமை மாறிவருகிறது என்றும் அவரே சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய், ஹலசூரு

நான் அலுவலகத் தோழிகளைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அம்மா ஹலசூருவைத் தன் ஊராக்கிவிட்டார். இதுவும் படை முகாமாக வளர்ந்த பகுதிதான். 1809இல் பெங்களூர் கண்டோன்மென்ட் வந்தது. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் தலைமையிடம் இன்றும் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூக்காரம்மா, காய்க்காரர், டெய்லர் எல்லோரிடமும் தமிழ். சோமேஸ்வரர் கோவிலில் ஒரு பாட்டியோடு ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை. பதினெட்டு வருடம் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறந்தார்கள், அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. பேத்தி கன்னட எழுத்தைக் கூட்டிப் படிக்க முயல, அம்மா குறள் சொல்லிக் காட்டினாராம்.

வீடு? பார்த்தவற்றில் பிடித்தது ஒன்று. இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. வாடகை 35,000, முன்பணம் ஆறு மாதம். அதாவது 2,10,000 ரூபாய் வட்டியில்லாமல் அங்கே கிடக்கும். முன்பு பத்து மாதம் கேட்பார்கள், இப்போது குறைந்துவிட்டது என்றார் புரோக்கர். 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான் என்கிறது. ஆனால் மாதிரிச் சட்டத்தைக் காட்டி வீட்டுக்காரரிடம் பேரம் பேச முடியாது. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி.

இரவு நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். அம்மாவுக்குப் பிடித்தது ஹலசூரு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "மாப்பிள்ள, பேச்சுத் துணைக்கு எனக்கு இங்க ஊரே இருக்கு. ஆனா இவ நேத்து எத்தன மணிக்கு வந்தா பாத்தீங்களா? கொழந்த தூங்கிடுச்சு. தெனம் இப்படியா? அங்க எட்டு மணிக்கு வந்துடுவா. அந்த மளிகைக்கடைக்காரர் இருக்கார், முருகன் இருக்கார், எனக்குப் போதும்."

கணவர் காட்பாடியை நினைவுபடுத்தினார். பெங்களூரில் இருந்தால் அக்காவுக்கு ஒன்று என்றால் நாலு மணி நேரத்தில் போய் நிற்கலாம், ஹைதராபாத்திலிருந்து ஒரு ராத்திரி. அது உண்மைதான், அதற்கு ஈடு ஒன்றும் இல்லை. என் அலுவலகம் ஊதாப் பாதையின் மறுகோடியில் ஒயிட்ஃபீல்டில் இருந்திருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஹலசூருவை எடுத்திருப்பேன். ரிங் ரோடு மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு இதைப் படிக்கிறவர்களுக்கும் கணக்கு வேறாகத்தான் இருக்கும். எனக்கு இந்த ஜூனில் வேலை.

புதன், சென்னை திரும்பும் ரயிலில்

காட்பாடியில் அக்கா பிளாட்பாரத்துக்கு வந்திருந்தாள். ரயில் நின்ற கொஞ்ச நேரத்தில் ஹைதராபாத் என்று சொல்லிவிட்டோம். முகம் வாடித்தான் போனது. தீபாவளிக்கு அங்கேதான் வரப்போகிறேன் என்றாள்.

ரயிலிலிருந்தே மாரட்பள்ளி வீட்டுக்காரம்மாவுக்குப் பேசி டோக்கன் பணம் அனுப்பியாகிவிட்டது. குளியலறைக் குழாய்களை மாற்றித் தரச் சம்மதித்தார். கைப்பிடிக் கம்பி நாங்களே போட்டுக்கொள்ளலாம். பதினொரு மாத ஒப்பந்தம். அது கைக்கு வந்ததும் எல்லோருடைய ஆதாரிலும் முகவரி மாற்ற வேண்டும், முதலில் அம்மாவுடையது. 2023 டிசம்பரிலிருந்து தெலங்கானாவில் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணம் இல்லை, ஆனால் உள்ளூர் முகவரி இருக்க வேண்டும்.

காரை இங்கேயே விற்றுவிடுகிறோம். இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே ஆயுள் வரி கட்டி, இங்கே கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைய எட்டு வருட வண்டிக்கு அவசியமில்லை. ஸ்கூட்டரை மட்டும் ரயிலில் அனுப்புகிறோம். கணவர் செகந்திராபாத்தில் இரண்டு பள்ளிகளுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டார். நாளைக் காலை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மகளின் பள்ளியில் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.